ஒட்டுசுட்டானுக்கு எந்தப் புகையிரதம்?

ஒட்டுசுட்டானில் ஒருபோதும் புகையிரத நிலையம் இருந்ததில்லை. தண்டவாளமும் அந்த ஊரைத் தொட்டதில்லை. ஆயினும் அவ்வூர் மூத்தவர்களிடம் பழைய பயணங்களைப் பற்றிக் கேட்டால் பேச்சு எப்படியோ கோச்சியில்தான் வந்து முடியும். "மாங்குளத்தில் இறங்கி வந்தோம்", "மாங்குளத்தில் ஏற்றி அனுப்பினோம்" என்பார்கள். நிலையமே இல்லாத ஊருக்குப் புகையிரத வரலாறு ஒன்று உண்டு. அது அடுத்த ஊரின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் மறைந்திருப்பதால் எழுதப்படாமல் போயிற்று.

நகரங்களின் புகையிரத வரலாற்றை எழுதுவோர் வழமையாக முதலில் கேட்கும் கேள்வி, எந்த நிலையத்துக்கு எந்தக் கம்பனியின் வண்டி வந்தது என்பதாகும். சென்னையை எடுத்துக்கொண்டால் இக்கேள்விக்குப் பொருள் உண்டு. 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் நிலையமும் 1873இல் எழுந்த சென்ட்ரல் நிலையமும் மெட்ராஸ் ரயில்வே கம்பனிக்குரியவை. 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையம் தென்னிந்திய ரயில்வே கம்பனியுடையது. அக்காலத்தில் சென்ட்ரலில் அகலப்பாதை, எழும்பூரில் மீற்றர் பாதை. ஒரே நகரில் இருந்தும் ஒன்றின் வண்டி மற்றதன் தண்டவாளத்தில் ஓடமுடியாதிருந்தது.

இலங்கையில் இக்கேள்விக்கு ஒரே விடைதான். 1845இல் இலண்டனில் இலங்கை ரயில்வே கம்பனி என ஒன்று அமைக்கப்பட்டபோதும், வேலை பின்னர் குடியேற்ற அரசின் கைக்கே வந்துவிட்டது. 1864 டிசெம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடிய நாளிலிருந்து இத்தீவின் பயணிகள் நிலையங்கள் யாவற்றுக்கும் இலங்கை அரசாங்கப் புகையிரதப் பகுதியே உரித்தாளி. ஆகவே வன்னியில் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. எந்த ஊருக்கு எந்த நிலையம்? அந்த நிலையத்துக்கு வண்டி எப்போது வந்தது, எப்போது நின்றது, எப்போது மீண்டது?

இதைக் கேட்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. வடபாதையின் வரலாற்றில் யாழ்ப்பாணத்தின் நாள்களாக நாம் மனனஞ் செய்து வைத்திருக்கும் திகதிகளுள் மிக முக்கியமான ஒன்று உண்மையில் வன்னிக்குரியது. வன்னிக்கேயுரிய இன்னொரு திகதியோ நம் நினைவிலேயே இல்லை.

கிழக்கு நோக்கியிருந்த ஊர்

ஒட்டுசுட்டான் பழைய ஊர். குரக்கன் கொய்த பின் எஞ்சிய ஒட்டைச் சுட்டபோது இலிங்கம் வெளிப்பட்டது என்பது தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தின் ஐதீகம். ஊர்ப்பெயருக்கும் அதையே காரணமாகச் சொல்வர். அயலில் உள்ள கற்சிலைமடுவில்தான் 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை பண்டார வன்னியனைத் தோற்கடித்தது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர் வன்னியன் தாக்கியது கிழக்குக் கரையில் இருந்த முல்லைத்தீவுக் கோட்டையை. இவ்விரு நிகழ்வுகளும் நடந்த இடங்களைப் பார்த்தாலே அக்காலத்தில் இப்பகுதி எத்திசை நோக்கியிருந்தது என்பது விளங்கும். முல்லைத்தீவே துறைமுகம். கோட்டையும் நிர்வாகமும் அங்கேதான் இருந்தன. ஒட்டுசுட்டான் அதற்குப் பின்புறமாக, காட்டுக்குள் இருந்த வயல் ஊர்.

1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களுக்கான கைநூலை வெளியிட்டபோது வவுனியாவையும் முல்லைத்தீவையும் இரு மாவட்டங்களாகக் கொண்டே எழுதினார். புகையிரதம் வருவதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகள் முற்பட்ட வன்னி அது. குளங்களும் காடும் காய்ச்சலும், ஆங்காங்கே சிறு ஊர்களும் கொண்ட நிலம். அதன் ஊடாகக் கண்டி வீதி வடக்குத் தெற்காக ஓடிற்று.

வன்னி என்னும் இடைவெளி

வடபாதை தெற்கிலிருந்து ஒழுங்காக வளர்ந்து வடக்கே போய்ச் சேர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது அவ்வாறு கட்டப்படவில்லை. பொல்காவலையிலிருந்து குருநாகல் வரையான கிளைப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. அதன் பின்னர் வேலை இரு முனைகளிலும் நடந்தது. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஊடாகச் சாவகச்சேரி வரையிலான 21 மைல் பாதை, தீவின் ஏனைய பாதைகள் எவற்றோடும் தொடர்பின்றி, 1902 மார்ச் 11இல் தனித்தே திறக்கப்பட்டது. தெற்கு முனை 1904 நவம்பர் 1இல் அநுராதபுரத்தை அடைந்தது.

அதாவது 1902இலேயே யாழ்ப்பாணத்தவர் கோச்சி ஏறிவிட்டனர். தெற்கேயும் வண்டி ஓடியது. இரண்டுக்கும் நடுவே கிடந்த வெற்றிடம் வன்னி.

அந்த வெற்றிடத்தைக் கடப்பது எத்தகையது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. பின்னாளில் ஆங்கில இலக்கிய உலகில் பெயர் பெற்ற லெனாட் வுல்ஃப், 1905 ஜனவரியில் இளம் சிவில் சேவை அதிகாரியாக யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் போனார். கொழும்பிலிருந்து அநுராதபுரம் வரை புகையிரதம். அங்கிருந்து ஆனையிறவு வரை தபால் வண்டி. பெயர்தான் கோச்சு. உண்மையில் அது மாட்டுவண்டி. தபால் மூடைகள் வண்டித்தட்டில் கிடக்க, பயணிகள் அம்மூடைகளின் மேல் படுத்துப் போனார்கள் என்று தம் தன்வரலாற்றில் அவர் எழுதியுள்ளார். ஆனையிறவில் மீண்டும் புகையிரதம். மாங்குளத்தையும் கிளிநொச்சியையும் மாட்டுவண்டியில் கடந்த கடைசிப் பயணிகளுள் அவரும் ஒருவர் எனலாம்.

1905 ஓகஸ்ட் 1இல் அவ்விடைவெளி மூடப்பட்டது. கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட வண்டி யாழ்ப்பாணம் சேர்ந்தது. நமது நூல்களில் இது யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வந்த நாளாகவே பதிவாகியுள்ளது. ஆனால் யாழ்ப்பாணத்தவர் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே புகையிரதத்தைக் கண்டுவிட்டனர். அன்று புதிதாக இணைக்கப்பட்ட நிலம் வன்னிதான். அந்நாளை வன்னியின் நாளென்று கொண்டாடுவதே முறை.

பாதை வன்னிக்காகப் போடப்படவில்லை என்பதும் உண்மைதான். யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைப்பதே நோக்கம். அதனால் பாதை கண்டி வீதியை ஒட்டியே சென்றது. தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என நிலையங்கள் வரிசையாக அமைந்தன. முல்லைத்தீவு கடலோரத்தில் ஒதுங்கி நின்றது. பின்னர் 1927, 1928இல் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பாதைகள் திறந்தபோதும், திருகோணமலைக்கு வடக்கேயுள்ள கரை தண்டவாளம் காணாமலே இருந்தது. இன்றும் அவ்வாறே.

மாங்குளத்தில் இறங்குதல்

ஒட்டுசுட்டானுக்கு மேற்கே ஏறத்தாழ 15 மைலில் மாங்குளம். கண்டி வீதியில் இருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தி அதுவே. அங்கிருந்து ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு ஊடாக ஒட்டுசுட்டானை அடைந்து, மேலும் கிழக்கே முள்ளியவளை, தண்ணீரூற்று, முல்லைத்தீவு எனப் பாதை செல்கிறது. தென்மேற்கே நெடுங்கேணி வழியாகப் புளியங்குளம் நிலையத்தை அடையவும் ஒரு வழி உண்டு. எனினும் முல்லைத்தீவு வீதியில் வாழ்ந்தோருக்கு மாங்குளமே நிலையம்.

ஒரு நிலையம் எத்தனை ஊர்களுக்கு உரியது என்பதைப் பெயர்ப்பலகை சொல்வதில்லை. மாங்குளம் என்ற பலகைக்குப் பின்னால் கிழக்கே ஒட்டுசுட்டானும் முத்தையன்கட்டும் முள்ளியவளையும் இருந்தன. மேற்கே துணுக்காயும் மல்லாவியும் இருந்தன. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குத் தெற்கிலிருந்து புகையிரதத்தில் வருவோருக்கு மாங்குளத்தில் இறங்கிக் கிழக்கே போவதே நேர்வழி. நெடுந்தூர வண்டிகள் எல்லா நிலையங்களிலும் நிற்பதில்லை. ஆகவே எது நின்று போகும் வண்டி என்பதும், அது எத்தனை மணிக்கு வரும் என்பதும் ஊரவர்க்குப் பஞ்சாங்கம்போல் தெரிந்திருக்க வேண்டியவை. நிலையத்தை அடைய வண்டில் மாட்டை நம்பியிருந்த காலம் போய், தனியார் பஸ்கள் வந்தன. 1958 ஜனவரியில் பஸ் சேவைகள் தேசியமயமான பின் இ.போ.ச. பஸ் அப்பணியைச் செய்தது.

இதன் விளைவாக ஊரின் முகம் திரும்பிற்று. கடலை நோக்கிக் கிழக்கே பார்த்திருந்த ஒட்டுசுட்டான், உலகத்தோடு தொடர்புகொள்ள மேற்கே பார்க்கத் தொடங்கியது. வவுனியா நிலையத்தின் பலத்தால் வளர்ந்தது. முல்லைத்தீவு தன் பழைய நிர்வாகத் தகுதியை இழந்து வவுனியாவின் பகுதியாகி, 1970களின் இறுதியிலேயே மீண்டும் தனி மாவட்டமாயிற்று. எல்லாவற்றுக்கும் புகையிரதம் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தண்டவாளம் எவ்வழி சென்றதோ அவ்வழியே ஊர்கள் பெருத்தன. இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றமும் கிளிநொச்சி நகரும், பரந்தனை அடுத்த இரசாயனத் தொழிற்சாலையும், ஆனையிறவு உப்பளமும் அந்தப் பாதையை அண்டியே எழுந்தன. கிழக்கே ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை அமைந்தபோது, அதன் ஓடுகளுக்குக் கண்டி வீதியை அடைவதற்கே 15 மைல் தரைவழி தேவைப்பட்டது.

ஒரே பயணம், இரண்டு புகையிரதங்கள்

எந்தக் கம்பனி என்ற கேள்விக்கு வன்னியில் பொருளில்லை என்றேன். ஒரு திசையில் மட்டும் அதற்கு விதிவிலக்கு உண்டு. 1914இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை கிளைப்பாதை முழுமையுற்றது. அதே ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வரை இந்திய வண்டி வந்தது. நடுவிலே கப்பல். இதனைத்தான் போட் மெயில் என்றனர்.

அன்றைய நிலையில் ஒட்டுசுட்டானைச் சேர்ந்த ஒருவர் சென்னைக்குப் போவதாயின் மாங்குளத்தில் ஏறித் தெற்கே மதவாச்சிக்குப் போகவேண்டும். அங்கே மாறித் தலைமன்னார். அதுவரை இலங்கை அரசாங்கப் புகையிரதம். கடலைத் தாண்டித் தனுஷ்கோடியில் ஏறினால் அது தென்னிந்திய ரயில்வே. இறங்குவது எழும்பூரில். அக்கம்பனி 1944இல் அரசின் கைக்கு வந்து, 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயுடன் இணைந்தது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் நடுப்பகுதியில் யுத்தத்தால் நின்றது. தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் மீளத் திறந்தது. கப்பல் அதனுடன் திரும்பவில்லை.

யாழ்தேவியும் கனடாவும்

1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்கள் அப்போது இலங்கைப் பாதைகளுக்குப் புதியவை. அவற்றுக்குக் கனடாவின் மாகாணப் பெயர்களே இடப்பட்டன. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்னும் பெயர்களைத் தாங்கிய இயந்திரங்கள் வடபாதையிலும் ஓடின. பிற்காலத்தில் தம் பிள்ளைகளின் முகவரியில் எழுதவேண்டி வந்த ஒரு சொல்லை, அவ்வாறு நேருமென்று எண்ணாத காலத்தில், பாதையோரத்தில் நின்றவர்கள் இயந்திரத்தின் பக்கவாட்டில் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அதே பாதை அச்சத்தின் பாதையாகவும் மாறிற்று. 1977 ஓகஸ்ட் வன்முறையின்போது அநுராதபுரம் நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டனர். அவ்வன்முறைக்குப் பின் மலையகத்தைவிட்டு வெளியேறிய பல குடும்பங்கள் வன்னிக் காடுகளில் குடியேறின. 1985 ஜனவரி 19இல் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவி விடுதலைப்புலிகளின் தாக்குதலுக்கு இலக்காயிற்று. படையினரும் பொதுமக்களும் உயிரிழந்தனர். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் முற்றாக நின்றது.

இருபத்துமூன்று ஆண்டுகள்

நின்றது என்று எழுதுவது எளிது. பிரித்தெடுக்கப்பட்ட தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பாதை இருந்த அணையில் பற்றை வளர்ந்தது. மாங்குளம் படைமுகாம் 1990 நவம்பரில் வீழ்ந்தது. 1997 மேயில் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கை கண்டி வீதியைக் கைப்பற்றவே நடத்தப்பட்டது. 1998 செப்டெம்பர் இறுதியில் மாங்குளமும் டிசெம்பரில் ஒட்டுசுட்டானும் படையினர் வசமாயின. 1999 நவம்பர் தொடக்கத்தில் புலிகளின் எதிர்த்தாக்குதல் ஒட்டுசுட்டானிலேயே ஆரம்பித்தது. அந்நாள்களில்தான் இவ்வூரின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. செய்தி எழுதியோருள் பலர் வரைபடத்தில் அதனைத் தேடியபோது, மாங்குளத்துக்குக் கிழக்கே என்றுதான் குறித்துக்கொண்டனர். நிலையத்தைக் கொண்டே ஊரை அறிந்த பழக்கம், நிலையம் அழிந்த பின்னரும் விடவில்லை.

2002இல் போர்நிறுத்தத்தை அடுத்து ஏ9 வீதி திறந்தது. வாகனங்கள் ஓடின. கோச்சி வரவில்லை. 2006இல் வீதியும் மூடப்பட்டது. 2009 மே மாதம்வரை நடந்தவற்றை இங்கே மீள எழுதவேண்டிய தேவையில்லை. இந்த இருபத்துமூன்று ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த வன்னிப் பிள்ளைகள் பலர் புகையிரதத்தைப் படத்தில்தான் கண்டனர் என்பதை மாத்திரம் பதிந்து வைக்கிறேன். யாழ்ப்பாணத்தாருக்கும் அதே இழப்புத்தான். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு விமானமும் கப்பலும் சில காலங்களிலேனும் இருந்தன. ஒட்டுசுட்டானுக்கு மாங்குளத்தைத் தவிர வேறு வாசல் இருக்கவில்லை.

நாம் மறந்த திகதி

யுத்தம் முடிந்தபின் பாதை மீள அமைக்கப்பட்டது; ஓமந்தைக்கு வடக்கே அவ்வேலையை இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் செய்தது. 2009 ஜூனில் தாண்டிக்குளம், 2011 மேயில் ஓமந்தை, 2013 செப்டெம்பர் 14இல் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என அது படிப்படியாக முன்னேறியது. இவற்றுள் யாழ்ப்பாணத்தின் நாள் மட்டுமே நினைவில் நிற்கிறது. யாழ்தேவி மீண்ட நாள் என்றால் எல்லோரும் சொல்வது அதைத்தான். ஒட்டுசுட்டானுக்குப் புகையிரதம் மீண்டது அதற்கு ஓராண்டுக்கும் முன்னர், 2013 செப்டெம்பர் 14இல், மாங்குளத்தின் ஊடாக வண்டி கிளிநொச்சி சேர்ந்த அன்று. 1905இல் யாழ்ப்பாணத்தின் பெயரால் எழுதப்பட்டது வன்னியின் நாள். 2013இல் வன்னியின் நாள் எழுதப்படவே இல்லை.

இது வெறும் திகதிக் கணக்கன்று. ஒரு பாதையின் வரலாறு அதன் முடிவிடங்களைக் கொண்டே எழுதப்படுமாயின், அதன் திட்டமும் முடிவிடங்களைக் கொண்டே வகுக்கப்படும். பாதை மீண்டபின் வன்னியில் காவலற்ற கடவைகளில் மனிதரும் கால்நடைகளும் மோதுண்டு இறந்த செய்திகள் அடிக்கடி வந்தன. இரு தலைமுறையாக வண்டி ஓடாத நிலத்தில், முன்னிலும் வேகமான வண்டி வந்தபோது, வழியிலுள்ள ஊர்களை எண்ணிப் பார்த்திருந்தால் அவற்றுட் சிலவற்றைத் தவிர்த்திருக்கலாம். 2023 ஜனவரி முதல் ஜூலை வரை அநுராதபுரம்–ஓமந்தைப் பகுதி திருத்த வேலைக்காக மூடப்பட்டபோதும், யாழ்ப்பாணம் துண்டிக்கப்பட்டது என்றே எழுதினோம். மாங்குளமும் புளியங்குளமும் அந்த வாக்கியத்தில் இல்லை. மாகோ–ஓமந்தைப் பகுதியின் மேம்பாட்டு வேலை முடிந்து 2025 ஏப்ரலில் அது தொடக்கிவைக்கப்பட்டபோதும் அவ்வாறே.

நிர்வாக வரைபடத்தில் இன்று ஒரு புதுமை உண்டு. மாங்குளமும் திருமுறிகண்டியும் ஒட்டுசுட்டான் பிரதேச செயலாளர் பிரிவினுள் அடங்குகின்றன. நூறாண்டுக்கு மேலாக நிலையத்தின் பெயருக்குப் பின்னால் நின்ற ஊர், இப்போது அந்நிலையத்தையே தன் எல்லைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே ஒட்டுசுட்டானுக்கு எந்தப் புகையிரதம் என்று யாரேனும் கேட்டால் இவ்வாறு சொல்லலாம்: வடபாதை; நிலையம் மாங்குளம்; வந்தது 1905 ஓகஸ்ட், நின்றது 1990 ஜூன், மீண்டது 2013 செப்டெம்பர்.

வடபாதையின் ஒவ்வொரு நிலையத்துக்கும் பின்னால் இப்படி எத்தனையோ ஊர்கள் உண்டு. ஓமந்தையில் இறங்கி எங்கே போனார்கள், பரந்தனில் ஏறியவர்கள் எவ்வூரார் என்பதை அறிந்த தலைமுறை குறைந்துகொண்டே போகிறது. அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.